நம் ஆற்று மீனை நாம் எங்கே போய்ப் பார்ப்பது?

கேரள மலையிலுள்ள எங்கள் சின்னக்கானலில் மழை பிடித்துக்கொண்டால் தோட்டத்து லயங்களில் வாழும் பிள்ளைகளுக்குப் போக்கிடம் கிடையாது. போன ஆடியில் அப்படி ஒரு சாயங்காலம். லிஸ்பனில் வேலை பார்க்கும் எங்கள் உறவுப் பெண் ஒருத்தி, அங்குள்ள பெரிய மீன் காட்சியகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வீடியோ எடுத்து அனுப்பியிருந்தாள். ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். அம்மிக்கல்லை நிமிர்த்தி வைத்தாற்போல ஒரு சூரிய மீன் கண்ணாடிக்குப் பக்கத்தில் மெல்ல நகர்ந்து போனது. "வாலே இல்ல மாமா!" என்றாள். நிஜமாகவே அந்த மீனுக்கு வால் என்று சொல்ல ஒன்றும் இல்லை. பின்பக்கம் வெட்டி எடுத்ததுபோல் இருக்கும்.

அப்புறம் இரண்டு கேள்விகள் கேட்டாள். "இத்தன தண்ணிய எப்ப மாமா மாத்துவாங்க?" என்பது முதலாவது. அதற்குப் பதில் சொல்லிவிட்டேன். "நம்ம ஆனையிறங்கல் தண்ணியில என்னென்ன மீனு இருக்கு? அத எங்க போய்ப் பாக்கலாம்?" என்பது இரண்டாவது. அணைக்கட்டு நாங்கள் தினம் கடந்து போகிற இடத்தில்தான் இருக்கிறது. அதன் மீன்களில் நாலைந்து பேருக்கு மேல் எனக்கே தெரியாது. அவற்றை உயிரோடு, அருகில், பெயரோடு காட்ட ஒரு இடமும் நினைவுக்கு வரவில்லை. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கேள்விக்குப் பின்னால் போனதில் விளைந்தது.

முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் அதில்தான் நிற்கிறது. பெரிய தொட்டியின் தண்ணீரை முழுசாக மாற்றுவதே இல்லை. மீன் வெளியேற்றும் அம்மோனியா அதற்கே நஞ்சு. மணலிலும் கல்லிலும் வடிகட்டியிலும் குடியேறும் ஒருவகை நுண்ணுயிரிகள் அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை வந்து அதை நைட்ரேட்டாக்கும். அது அவ்வளவு கேடு செய்யாது. கொஞ்சம் நீரை அவ்வப்போது மாற்றியும் தாவரங்களைக் கொண்டும் அதைக் குறைத்துவிடலாம். இந்த நுண்ணுயிர்க் கூட்டம் நிலைகொள்ள ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும். புதுத் தொட்டி வாங்கிய அன்றே மீனைக் கொட்டுகிற வீடுகளில் ஒரு வாரத்தில் மீன்கள் மிதப்பது இதனால்தான். தீனியிலோ மீனிலோ குறை இருப்பதில்லை, காத்திருக்காததுதான் குறை.

நுண்ணுயிரிகளைப் பற்றி அறியாமலேயே இந்தச் சமநிலையின் ஒரு பாதியைக் கண்டுபிடித்தவர் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன். 1850இல் அவர் தன் சோதனையை வெளியிட்டார். தங்கமீன் இருக்கும் கண்ணாடித் தொட்டியில் நீர்த்தாவரம் நட்டால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையாது. அழுகும் இலைகளைத் தின்ன நத்தையையும் சேர்த்துவிட்டால் தொட்டி நாள்பட நிற்கும். அவருக்கும் முன்னால், 1832இல், சிசிலித் தீவில் ழான் வில்ப்ரூ பவர் என்ற பெண்மணி கடலுயிர்களை உயிரோடு வைத்து ஆராயக் கண்ணாடித் தொட்டிகளைச் செய்வித்தார். படகு போன்ற மெல்லிய ஓட்டில் வாழும் ஆர்கோனாட் என்ற கணவாய் வகை அந்த ஓட்டைத் தானே உண்டாக்குகிறதா, பிறரிடமிருந்து திருடுகிறதா என்பது அன்றைய பெரிய வழக்கு. தொட்டிக்குள் பார்த்துப் பார்த்து, அது தானே செய்துகொள்கிறது என்று அவர் நிறுவினார். மீன் தொட்டி பிறந்தது கேளிக்கைக்காக இல்லை, ஒரு கேள்விக்கு விடை காண்பதற்காக. இதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் நிறைந்துவிடும்.

1853இல் லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் மீன் வீடு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. உலகின் முதல் பொது மீன் காட்சியகம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் எழுதிய புத்தகத்தோடு 'அக்வேரியம்' என்ற சொல் ஊரெங்கும் பரவியது.

ஐரோப்பாவில் அதற்குப் பின் எழுந்தவற்றில் என் மனதுக்கு மிக நெருக்கமானது இத்தாலியின் நேப்பிள்ஸில் இருப்பது. ஜெர்மானிய விலங்கியலாளர் ஆன்டன் டோர்ன் 1872இல் அங்கே கடல் ஆய்வு நிலையம் தொடங்கினார். 1874இல் அதன் கீழ்த்தளத்தில் மீன் காட்சியகம் திறந்தார். காட்சியகத்தில் வசூலாகும் டிக்கெட் பணம் மேலே நடக்கும் ஆய்வுக்கு உதவவேண்டும் என்பது அவர் கணக்கு. பார்க்க வருகிறவனின் காசும் படிக்க வந்தவனின் உழைப்பும் ஒரே கூரையின் கீழ் ஒன்றையொன்று தாங்கும். அங்கே காட்டியது தூரதேசத்து விநோதங்களை இல்லை. வாசலில் அலையடிக்கும் நேப்பிள்ஸ் வளைகுடாவின் உயிர்களை, மத்தியதரைக் கடலின் மீன்களைத்தான் காட்டினார்கள். ஊர் மீனவர் வலையில் தினம் விழும் ஆக்டோபஸ் அங்கே கண்ணாடிக்குப் பின்னால் மரியாதையோடு உட்கார்ந்திருந்தது.

மற்றவற்றையும் சொல்லவேண்டும். மொனாக்கோவில் இளவரசர் முதலாம் ஆல்பர்ட் கட்டிய கடலியல் அருங்காட்சியகம் 1910இல் திறக்கப்பட்டது. கடலடியைப் படமெடுத்து உலகுக்குக் காட்டிய ழாக் கூஸ்தோ 1957 முதல் 1988 வரை அதன் இயக்குநராக இருந்தார். ஜெனோவா துறைமுகத்தில் கொலம்பஸ் பயணத்தின் ஐந்நூறாவது ஆண்டான 1992இல் எழுந்த காட்சியகம் பாழடைந்து கிடந்த பழைய துறைமுகத்துக்கு மறுவாழ்வு கொடுத்தது. லிஸ்பனில் 1998 உலகக் கண்காட்சிக்காகக் கட்டியதன் நடுத்தொட்டி மட்டும் 50 லட்சம் லிட்டர். அதன் நான்கு மூலைகளிலும் நான்கு கடல்களின் கரைகளை அமைத்திருக்கிறார்கள். அதில் ஒரு மூலை நம் இந்தியப் பெருங்கடலுக்கு. ஸ்பெயினின் வலென்சியாவில் 2003இல் திறந்தது 4.2 கோடி லிட்டரோடு ஐரோப்பாவின் மிகப் பெரிய வளாகமாகச் சொல்லப்படுகிறது. பிரான்ஸின் பெரிய மீன்பிடித் துறைமுகமான பூலோனில் 1991 முதல் இயங்கும் நோசிக்கா, 2018இல் ஏறக்குறைய 1 கோடி லிட்டர் கொள்ளும் ஒற்றைத் தொட்டியைச் சேர்த்துக்கொண்டது. கடலே இல்லாத வியன்னாவில் இரண்டாம் உலகப் போரின் விமான எதிர்ப்புக் கோபுரம் ஒன்று கடல் வீடாக மாறியிருக்கிறது. குண்டு போடுவதற்கு எதிராகக் கட்டிய சுவருக்குள் இப்போது சுறா நீந்துகிறது.

லிட்டர் கணக்கில் மயங்கிவிடக்கூடாது என்பதற்கு பெர்லின் சாட்சி. அங்கே ஒரு ஹோட்டல் கூடத்தில் நின்ற உருளைத் தொட்டியில் 10 லட்சம் லிட்டர் உப்புநீரும் சுமார் 1,500 மீன்களும் இருந்தன. 2022 டிசம்பர் 16 விடியற்காலையில் அது வெடித்தது. பகலில் வெடித்திருந்தால் கூடத்தில் இருந்த மனிதர்களும் போயிருப்பார்கள். தண்ணீர் தெருவரைக்கும் பாய, ஏறக்குறைய எல்லா மீன்களும் அந்தக் கடுங்குளிரில் செத்தன.

இனி நம் பக்கம். சென்னை மெரினாவில் 1909லேயே மீன் காட்சியகம் இருந்தது என்பது இன்று கடற்கரையில் சுண்டல் வாங்கித் தின்கிற எத்தனை பேருக்குத் தெரியும்? சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1905இல் அதற்கான யோசனையை முன்வைத்தார். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய தொகுதிகளால் அறியப்படும் அதே தர்ஸ்டன்தான். 1909 அக்டோபரில் காட்சியகம் மக்களுக்குத் திறந்தது. 1919இல் அது மீன்வளத் துறையின் கைக்குப் போனது. 1942இல், ஜப்பான் குண்டு போடும் என்ற அச்சத்தில் நகரமே காலியானபோது, மூடப்பட்டது. எதிரே வங்கக் கடல், குழாய் வைத்தால் கடல்நீர், கூப்பிடு தூரத்தில் கட்டுமரக்காரர்கள். நேப்பிள்ஸுக்கு இருந்தது எல்லாம் சென்னைக்கும் இருந்தது. அந்தப் பழைய பொலிவு திரும்பி வரவில்லை என்பதை நான் பெரிய இழப்பாகவே நினைக்கிறேன்.

மும்பையின் கதையும் கிட்டத்தட்ட அதே. பார்சி கொடையாளர் தாராபோர்வாலாவின் பெயரில் மரைன் டிரைவில் 1951இல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் திறந்துவைத்த காட்சியகம் பல தலைமுறைப் பிள்ளைகளுக்கு முதல் கடல். 2015இல் சீரமைத்து, தலைக்கு மேல் மீன் போகும் 12 அடிச் சுரங்கத்தோடு மறுபடி திறந்தார்கள். பிறகு அதுவும் மூடப்பட்டது.

இப்போது நாட்டில் எழுவதெல்லாம் சுரங்கப் பாதைகள்தான். வளைந்த அக்ரிலிக் பலகைக்குள் நடந்துபோகும் யோசனையைப் புகழ்பெறச் செய்தது நியூசிலாந்தின் ஆக்லாந்து. கைவிடப்பட்ட கழிவுநீர்த் தொட்டிகளுக்குள் கெல்லி டார்ல்டன் என்ற முக்குளிப்பாளர் 1985இல் அதைக் கட்டினார். சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் 2019இல் ஒரு சுரங்கக் காட்சியகம் திறந்தது. அகமதாபாத்தில் குஜராத் அறிவியல் நகரத்தின் காட்சிக்கூடம் 2021 ஜூலையில் சுமார் 260 கோடி ரூபாய்ச் செலவில் திறந்தது. அங்கே 28 மீட்டர் சுரங்கம், 68 தொட்டிகள், 188 வகை உயிர்கள். இந்தச் சுரங்கங்களுக்கு நான் எதிரி இல்லை. கடலையே பார்க்காத ஒரு குழந்தையின் தலைக்கு மேல் திருக்கை மீனின் வெள்ளை வயிறும் சிரிப்பதுபோன்ற வாயும் கடந்து போகும்போது அதன் முகத்தைப் பார்த்தவர்கள் செலவைக் கணக்குப் போடமாட்டார்கள். ஆனால் எந்த நகரத்துச் சுரங்கத்துக்குள் நுழைந்தாலும் அதே சுறா, அதே திருக்கை, அதே நீல வெளிச்சம். வெளியே வந்தபின் நாம் எந்த ஊரில் நிற்கிறோம் என்பதைச் சொல்லும் மீன் ஒன்றுகூட நினைவில் இருப்பதில்லை.

மன்னார் வளைகுடாக் கரையிலுள்ள மண்டபம் என்ற ஊர் அப்படியில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947இல் தொடங்கியது. 1971இல் தலைமையிடம் கொச்சிக்குப் போகும்முன் மண்டபம்தான் அதன் வீடு. இன்றும் அங்குள்ள ஆய்வு மையத்தில் சிறிய காட்சியகம் உண்டு. பகட்டு கிடையாது. நான் போன அன்று அரை மணி நேரம் ஒரே தொட்டியின் முன் நின்றேன். கட்டைவிரல் நீளக் கடல்குதிரை ஒன்று கடற்புல்லின் தாளில் வாலைச் சுற்றிக்கொண்டு நின்றது. தண்ணீர் அசைகிற பக்கம் புல்லும் அதுவும் சேர்ந்தே ஆடின. முதுகுச் செட்டை மட்டும் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் படபடத்தது. கண்கள் இரண்டும் தனித்தனியாகத் திரும்பின. வயிற்றில் பை இருந்தால் அது ஆண். முட்டையைச் சுமந்து குஞ்சு பொரிப்பது அப்பன்தான். நாட்டில் கடல்குதிரையைப் பிடிப்பதும் விற்பதும் 2001 முதல் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் எதைக் காக்கிறது என்பது தொட்டியின் முன் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. வெளியே வந்தால் அதே கடல். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் அதே கடலில் இருக்கின்றன. உள்ளே பார்த்தது வெளியே இருக்கிறது என்ற அந்த நிறைவை 260 கோடியாலும் வாங்க முடியாது.

கடலுக்கு இப்படி ஒரு மண்டபமாவது இருக்கிறது. ஆற்றுக்கு?

மலையாளக் கரையில் நமக்கு நெருக்கமான நினைவு மலம்புழா. பாலக்காட்டுப் பக்கம் சுற்றுலா போன பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் அணைப் பூங்காவில் மீன் வடிவத்திலேயே கட்டிய காட்சியகம் நினைவிருக்கும். அந்தக் கட்டடத்தைப் பார்த்ததும் பஸ்ஸுக்குள் எழுந்த கூச்சல் எனக்கு இன்னும் கேட்கிறது. ஆனால் மலையோரச் சுற்றுலாத் தலங்களில் நான் பார்த்த பல சிறு காட்சியகங்களில் இருப்பது தங்கமீன், ஆஸ்கார், அரோவானா, அமேசானின் கெளுத்தி. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைக்குப் பத்தடி தள்ளி நின்றுகொண்டு தென்னமெரிக்க மீனைப் பார்த்துவிட்டு வருகிறோம்.

இங்கே காட்ட மீன் இல்லாமலா? 2011இல் வெளியான மதிப்பீட்டின்படி மேற்குத் தொடர்ச்சி மலையின் நன்னீரில் சுமார் 290 வகை மீன்கள் உண்டு. பாதிக்கு மேல் உலகில் வேறெங்கும் இல்லாதவை. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அழிவின் அச்சத்தில் இருப்பவை. பெரியாறு நீர்த்தேக்கத்துக்கு மேலே உள்ள ஓடைகளில் மட்டும் வாழும் ஒரு மீன் உண்டு. லெபிடோபைகாப்சிஸ் என்பது அதன் பேரினம். அந்தப் பேரினத்தில் உலகத்திலேயே அது ஒன்றுதான்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது செங்கணியானின் கதை. வெள்ளி உடம்பு. மூக்கிலிருந்து வால்வரை கறுப்புக் கோடு. அதற்குமேல் மூக்கில் தொடங்கிக் கண்ணைத் தொட்டு நடு உடம்பில் முடியும் குங்குமச் சிவப்புக் கோடு. மதராஸ் படையின் மருத்துவரான பிரான்சிஸ் டே 1865இல் இதை உலகுக்கு விவரித்தார். மாதிரி கிடைத்த இடம் முண்டக்கயம், நம் மலையின் அடிவாரம். அப்போதைய மதராஸ் ஆளுநர் டெனிசனின் பெயர் மீனுக்கு வந்தது. நூற்று முப்பது ஆண்டு யாரும் கவனிக்கவில்லை. 1990களில் வண்ணமீன் வணிகம் இதைக் கண்டுகொண்டது. 'மிஸ் கேரளா' என்று பெயர் சூட்டி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஏற்றினார்கள். 2005க்கும் 2012க்கும் இடையில் இந்தியாவிலிருந்து அழியும் நிலையிலுள்ள 30 வகை நன்னீர் மீன்கள் 15 லட்சத்துக்குக் குறையாமல் ஏற்றுமதியாயின என்று ஆய்வாளர்கள் சுங்கப் பதிவுகளைக் கொண்டு காட்டினார்கள். அதில் முன்வரிசையில் நின்றது இந்தச் சிவப்புக்கோட்டு மீன். ஐரோப்பாவில் எங்கோ ஒரு வீட்டு வரவேற்பறையில் ஒரு பிள்ளை இதைத் தினம் பார்க்கிறது. முண்டக்கயத்துப் பிள்ளையும் சின்னக்கானல் பிள்ளையும் பார்த்ததில்லை.

இதற்கு வழி காட்டும் இடமும் ஐரோப்பாவில்தான் இருக்கிறது. போர்ச்சுகலின் உள்நாட்டில் மோரா என்ற சின்ன ஊர், சில ஆயிரம் பேர் வாழும் இடம். கடலும் இல்லை, பெரிய நகரமும் பக்கத்தில் இல்லை. 2007இல் அந்த ஊர் ஒரு 'ஆற்று வீடு' கட்டியது. நுழைந்தவுடன் மலை ஊற்று. அடுத்தடுத்த தொட்டிகளில் ஆறு அகலமாகிக்கொண்டே போகும். கடைசியில் கழிமுகமும் கடலும். வழியெல்லாம் அந்த நாட்டு ஆற்று மீன்களும் நீர்நாய்களும். லிஸ்பனுக்குப் போகிறவர்கள் மோராவுக்கும் போகவேண்டும் என்பேன். நமக்குப் பாடம் அங்கேதான் அதிகம்.

எதிர்வாதமும் இருக்கிறது, அதைத் தள்ளிவிட முடியாது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம் பெரிய கடல் காட்சியகம் ஒன்றைக் கட்டத் திட்டமிட்டது. பவளப்பாறை மீன்களைக் கடலிலிருந்து பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டுவருவது சரியா என்று மக்கள் கேட்டார்கள். 2019 மே மாத வாக்கெடுப்பில் 54 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் வேண்டாம் என்றார்கள். திட்டம் நின்றது. நம் நாட்டில் 2013இல் மத்திய அரசு டால்பின் காட்சிகளுக்குத் தடை போட்டது. அதற்கு முன்பு சென்னைக்குக் கடல் கடந்து கொண்டுவரப்பட்ட டால்பின்கள் சில மாதங்களிலேயே செத்துப்போயிருந்தன. பாசல் மக்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கேள்வியே மோராவின் வழியைத்தான் காட்டுகிறது. தூரத்து உயிரைப் பிடித்து வராதே, வீட்டு வாசலில் இருப்பதைக் காட்டு.

அதற்குச் சின்னக்கானலைப் போன்ற இடம் அரிது. மலை ஓடை மீன்களுக்குக் குளிர்ந்த, ஓடுகிற, ஆக்சிஜன் நிறைந்த தண்ணீர் வேண்டும். சமவெளியில் அதற்குக் குளிர்விக்கும் எந்திரம் இரவும் பகலும் ஓடவேண்டும். கரன்ட் போனால் மீன் போகும். இங்கே குளிர் சும்மா கிடைக்கிறது. ஓடையின் மேல்பக்கத்திலிருந்து குழாயில் தண்ணீரை இறக்கி, தொட்டி வழியாக ஓடவிட்டு, வலையும் வடிகட்டியும் கடந்து திரும்ப ஓடையிலேயே விடலாம். பம்பு வேண்டாம். டிரவுட் குஞ்சு பொரிப்பகங்கள் இப்படித்தான் இயங்குகின்றன. வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் தூண்டில் போட்டு விளையாடுவதற்காக இந்த மலைகளில் டிரவுட்டை வளர்த்தார்கள். நீலகிரி அவலாஞ்சியில் 1907லேயே பொரிப்பகம் வந்தது. நம் பக்கத்து ராஜமலையிலும் வந்தது. வந்த மீனுக்கு வீடு கட்டத் தெரிந்த இந்த மலையில், இருந்த மீனுக்கு ஒரு வீடு கட்டுவது பெரிய காரியம் இல்லை.

அந்த வீட்டில் எதைக் காட்டுவது? ஆனையிறங்கலிலிருந்து பன்னியாறாகப் பொன்முடி அணைக்குப் போய், முதிரப்புழையில் சேர்ந்து, பெரியாறாகி, கரிமீன் வாழும் காயல் தாண்டி அரபிக்கடலில் விழுகிற ஒரே தண்ணீரின் பாதையைக் காட்டலாம். நடுவில் அணைகள் வரும் இடங்களில் அணையையும் காட்டவேண்டும். மேலே ஏறமுடியாமல் மீன் நிற்கும் இடத்தையும், தேக்கடியில் திலாப்பியாவும் வெளிநாட்டுக் கெண்டையும் பெருகியதையும் மறைக்கக்கூடாது. பெயர்ப்பலகையில் தமிழும் மலையாளமும் வேண்டும், இந்த மலையின் பழங்குடிகளான முதுவான்களும் மன்னான்களும் அந்த மீனுக்கு வைத்திருக்கும் பெயரும் வேண்டும். 2023இல் அரிக்கொம்பன் என்ற காட்டு யானையால் நாடு முழுக்கச் சின்னக்கானலின் பெயர் தெரிந்தது. யானை இறங்கித் தண்ணீர் குடிக்கும் அந்தத் தண்ணீருக்குள்ளும் ஒரு ஊர் இருக்கிறது.

மழை வெறித்த ஒரு சனிக்கிழமை, பழைய பெயின்ட் வாளி ஒன்றின் அடியை அறுத்து, கண்ணாடித் துண்டு வைத்து, சிலிக்கான் பசையால் ஒட்டினேன். ஒரு நாள் காயவிட்டோம். மறுநாள் யானை நிற்கிறதா என்று அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொண்டு, அக்கா மகளோடு லயத்துக்குக் கீழே உள்ள ஓடைக்குப் போனேன். வாளியைத் தண்ணீரில் இரண்டு விரல் ஆழம் அமுக்கியதும் மேலே தளும்பிய வெளிச்சமெல்லாம் விலகி, அடி தெளிந்தது. பாறையின் மேல் விரல் அளவுக் கல்லொட்டி. வாய் கீழ்ப்பக்கம், பாறையோடு பாறையாக. ஓட்டம் அடித்துக்கொண்டு போகிற இடத்தில் அசையாமல் நின்றது. பிறகு முன்னால் நகர்ந்து பாசியைச் சுரண்டியது. அது போன இடத்தில் பாறையின் மேல் சுத்தமான ஒரு கோடு விழுந்தது.

"மாமா, பெருக்கிக்கிட்டே போகுது பாரு!"

வாளியை அவள் விடவே இல்லை, முழங்கை வரைக்கும் விறைத்துப் போயும். வீட்டுக்கு வந்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் 1 என்று எண் போட்டுக் 'கல்லொட்டி' என எழுதினாள். கீழே 2 என்று போட்டுவிட்டு, பெயருக்கு இடம் விட்டு வைத்திருக்கிறாள்.